விசா வந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி

(ஆரியங்கோட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆரியங்கோட்டில் ஒரு தமிழ்ச் சொற்பொழிவுக்கு இத்தனை பேர் கூடியிருப்பதைப் பார்க்க மனம் நிறைகிறது. வெள்ளறடையிலிருந்து வந்திருக்கிறீர்கள், பாறசாலையிலிருந்து வந்திருக்கிறீர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. கோடு விழுந்ததே தவிர, பெண் கொடுத்து எடுப்பது நிற்கவில்லை, சந்தைக்குப் போய் வருவது நிற்கவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கடையில் இரண்டும் கலந்த ஒரு பேச்சு என்று வாழ்கிறவர்கள் நாம். இந்த மக்களுக்குப் பொதுவான ஒரு விஷயத்தைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வெளிநாட்டில் ஒரு வேலை வந்திருக்கிறது. போகலாமா, வேண்டாமா? இதுதான் இன்றைய பொருள்.

இந்தக் கேள்வி வராத வீடு இந்தப் பக்கத்தில் உண்டா? விசா வந்துவிட்டது என்ற சொல் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் வீடு எப்படி மாறுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அம்மா விளக்கேற்றுகிறாள், அல்லது ஜெபம் பண்ணுகிறாள். அப்பா யாருக்கும் சொல்லாமல் பெட்டியைத் திறந்து நிலத்தின் ஆதாரத்தை எடுத்துப் பார்க்கிறார். தங்கையின் கழுத்தில் கிடக்கும் சங்கிலி எத்தனை பவுன் என்று ஒருவர் மனக்கணக்குப் போடுகிறார். மாமன் ஒருவர், 'நாலு லட்சம்தானே, ஒரு வருஷத்தில் அடைத்துவிடலாம்' என்கிறார். சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது புறப்பாடு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா?

அந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? இரண்டு ஏக்கர் ரப்பரை வைத்துக்கொண்டு, விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டி, மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் சொட்டும் பாலை எடுத்து, உறையவிட்டு, ஷீட் அடித்து, புகையில் காயவைத்து விற்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட அதே ஷீட், ஐந்தாண்டுக்குள் 100 ரூபாய்ப் பக்கம் சரிந்தபோது என்ன பாடுபட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீடு, வீட்டு வேலையைப் பாதியில் நிறுத்திய வீடு, பிள்ளையின் நர்ஸிங் படிப்புக்குக் கடன் வாங்கிய வீடு, இவர்களிடம் போய் இருப்பதைக்கொண்டு இரு என்று சொன்னால் அது கல்நெஞ்சுப் பேச்சு.

வெளிநாட்டுப் பணம் இந்த மண்ணை உயர்த்தியது. இதை மறைக்க முடியாது. திருவனந்தபுரம் உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் அறிஞர்கள் 1998-இல் கேரளக் குடிபெயர்வை வீடு வீடாகப் போய் அளக்கத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் வந்த 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி ஏறத்தாழ 22 லட்சம் கேரளத்தவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் ஓராண்டில் அனுப்பிய பணம் 2,16,893 கோடி ரூபாய். இங்கே ஓடு மாறிக் கான்கிரீட் ஆனதும், பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் அந்தப் பணத்தால்தான். அதை அனுப்பியவர்களின் வியர்வைக்கு முன் நான் தலை வணங்குகிறேன்.

போகட்டும். ஆனால் எடை போட்டுப் பார்த்துப் போகட்டும். தராசில் சம்பளத்தை மட்டும் வைத்தால் அது எடையாகுமா? எதிர்த்தட்டில் என்ன வைக்கிறோம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தம்பிக்கு மாதம் 35,000 ரூபாய்க்குச் சமமான சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஏஜண்டுக்குக் கொடுத்தது 4 லட்சம். அதை ஊரில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மாத வட்டி மட்டும் 8,000. சாப்பாடு, போன், சோப்பு, சில்லறை என்று எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் 10,000 ஆகும். மிச்சம் 25,000. அந்த 25,000-ஐ முழுக்க முழுக்கக் கடனுக்கே கொடுத்தாலும், அம்மாவுக்கு மருந்து வாங்க ஒரு ரூபாய் அனுப்பாமல் இருந்தாலும், கடன் தீர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஒப்பந்தமோ இரண்டு ஆண்டு. அப்படியானால் அவர் தனக்காக உழைப்பது கடைசி நான்கைந்து மாதம் மட்டும்தான். பாலைவன வெயிலில் மீதி மாதமெல்லாம் யாருக்காக உழைத்தார்?

இதை இங்கே கிடைக்கும் கூலியோடு ஒப்பிட்டதுண்டா? கட்டட வேலைக்கு நாட்டிலேயே அதிகக் கூலி கிடைப்பது கேரளத்தில்தான். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்குப்படி கேரளக் கிராமங்களில் சராசரி நாள் கூலி 850 ரூபாய்க்கு மேல். நாட்டின் சராசரி 400 ரூபாய்கூட இல்லை. அதனால்தான் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி இங்கே வருகிறார்கள். நம் கொத்தனார் கடல் கடந்து போகிறார், அவர் விட்டுப்போன கரண்டியை வங்காளத்துப் பிள்ளை எடுக்கிறான். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் போகும் முன் இரண்டு கூலியையும் பக்கத்தில் வைத்து, வட்டியைக் கழித்து, ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டாமா?

தோழர்களே, கடனின் கொடுமை பணத்தோடு முடிவதில்லை. கடனோடு விமானம் ஏறுகிறவனுக்கு 'வேண்டாம்' என்ற சொல் பறிபோய்விடுகிறது. சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறொன்று. அவனால் மறுக்க முடியுமா? பேசிய சம்பளம் ஒன்று, கையில் வந்தது வேறொன்று. திரும்பி வர முடியுமா? ஊரில் வட்டிக்காரன் வாசலில் நிற்பான் என்ற நினைப்பே அவனைக் கட்டிப்போடும்.

2014-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? இராக்கில் திக்ரித் நகர மருத்துவமனையில் 46 இந்திய நர்ஸுகள் சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். வெளியே குண்டு வெடிக்கிறது. ஐஎஸ் படை நகரைப் பிடித்துவிட்டது. அந்த நேரத்திலும் அவர்களில் சிலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். ஏன்? உயிர்மேல் ஆசை இல்லாமலா? சம்பள பாக்கி வரவில்லை, படிப்புக்கும் பயணத்துக்கும் வாங்கிய கடன் ஊரில் காத்திருக்கிறது. துப்பாக்கியைவிடக் கடன் பெரிதாகத் தெரிந்தது அந்தப் பிள்ளைகளுக்கு. ஜூலை 5-ஆம் தேதி தனி விமானத்தில் அவர்கள் கொச்சியில் வந்து இறங்கியபோது நாடே மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒரு பெண்ணைப் போர்க்களத்திலும் திரும்பத் தயங்க வைத்த அந்தக் கடனைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவே இல்லை.

அந்தக் கடன் எங்கிருந்து வருகிறது? சட்டத்தைக் கேளுங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் உள்ள விதிப்படி, உரிமம் பெற்ற ஏஜண்ட் ஒருவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி. அவ்வளவுதான். அதற்கும் ரசீது தர வேண்டும். 4 லட்சம் எங்கே, 30,000 எங்கே? அந்த இடைவெளியில்தான் உங்கள் நிலத்தின் ஆதாரம் கிடக்கிறது, தங்கையின் சங்கிலி கிடக்கிறது.

இதைவிடப் பெரிய இடைவெளியையும் பார்த்தோம். 2015-இல் கொச்சியில் குவைத் நர்ஸ் வேலைக்கு ஆளெடுத்த ஒரு நிறுவனத்தின் மீது சிபிஐ வழக்குப் பதிந்தது. வாங்க அனுமதி பெற்றிருந்த தொகை 19,500 ரூபாய். ஆளுக்கு வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட தொகை 19.5 லட்சம் ரூபாய். காவல் காக்க வேண்டிய குடிபெயர்வுப் பாதுகாப்பு அதிகாரியும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டில்தான் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் ஆளெடுக்கும் பொறுப்பு கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக், தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு நிறுவனங்களிடம் வந்தது.

இப்போது உங்கள் கையில் ஒரு வேலைக் கடிதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை என்னோடு சேர்ந்து படியுங்கள். மொத்தச் சம்பளம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தேடுங்கள். ஏனென்றால் வேலை முடிந்து திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடையை அந்த அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். அடிப்படையைக் குறைத்து, படிகளைக் கூட்டிக் காட்டும் கடிதம் இன்று இனிக்கும், பத்தாண்டு கழித்துக் கசக்கும். அடுத்து, விசா எந்த விசா? சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். கடிதத்தில் கம்பெனியின் பெயரும் விசாவில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா? சாப்பாடு யார் செலவு? இரண்டாண்டு முடியும் முன் வர வேண்டி வந்தால் டிக்கெட் யார் எடுப்பது?

தங்கும் இடம் எப்படி என்று கேட்டீர்களா? தங்குமிடம் இலவசம் என்ற இரண்டு சொல்லைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். 2024 ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலை குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்தது. பெரும்பாலோர் தூக்கத்திலேயே புகையில் மூச்சுமுட்டி மாண்டார்கள். இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானம் 45 இந்தியர்களின் உடல்களைக் கொண்டு வந்தது. கொச்சியில் இறக்கப்பட்டவை 31. அதில் 23 பேர் கேரளத்தவர், 7 பேர் தமிழ்நாட்டவர். மலையாளத் தாயும் தமிழ்த் தாயும் ஒரே விமான நிலையத்தில் நின்று அழுதார்கள். அந்த வீடுகளில் ஒன்றிலாவது, புறப்படும் முன், ஓர் அறையில் எத்தனை பேர், தீ வந்தால் இறங்க எத்தனை வழி என்று யாராவது கேட்டிருப்பார்களா? நம்மில் யார்தான் கேட்கிறோம்? இனிமேல் கேட்போம். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிறவர் ஒருவரைப் பிடித்து, வீடியோ காலில் அறையைக் காட்டச் சொல்வோம். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

தம்பிமாரே, உங்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் படித்தவர்கள், எங்களை ஏமாற்ற முடியாது என்று நினைக்கிறீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்ற குறிப்பு இருக்கும். அவர் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும், ஒப்பந்தம் சரிபார்க்கப்படும், காப்பீடு எடுக்கப்படும். நீங்கள் பத்தாம் வகுப்புத் தேறியவர்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் அந்தக் குறிப்பு இல்லை. அதைப் பெருமையாக நினைக்கிறோம். ஆனால் அதன் பொருள் என்ன? நீங்கள் புறப்படும்போது உங்கள் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்க்க அரசில் ஒருவரும் இல்லை. படிக்காதவருக்குக் கிடைக்கும் காவல்கூடப் படித்த பிள்ளைக்கு இல்லை. இது இந்தச் சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

அப்படிக் காவல் இல்லாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் எங்கோ இருக்கும் பிள்ளைகளா? நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடற்கரையில், பொழியூரில் இருந்த பிள்ளை. கொஞ்சம் வடக்கே அஞ்சுதெங்கில் இருந்த பிள்ளைகள். ரஷ்யாவில் செக்யூரிட்டி வேலை என்றார்கள். லட்சங்களில் சம்பளம் என்றார்கள். லட்சக்கணக்கில் பணமும் வாங்கினார்கள். போய் இறங்கியதும் கையில் துப்பாக்கியைக் கொடுத்து உக்ரைன் போர்முனைக்கு அனுப்பினார்கள். 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிந்து ஏஜண்டுகளைத் தேடியது. காயத்தோடு உயிர் பிழைத்தவர்கள் அதற்குப் பிறகு ஊர் வந்து சேர்ந்தார்கள். வேறு பிள்ளைகள் சிலர் வரவே இல்லை.

கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கு வேறு தூண்டில். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று அழைக்கிறார்கள். பாங்காக்கில் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவதிக்குக் கொண்டுபோய், பூட்டிய வளாகத்துக்குள் வைத்து, இணையத்தில் ஊரை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். செய்ய மறுத்தால் அடி. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கேரளத்துப் பிள்ளைகளும் அங்கிருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். 2022-இலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. எச்சரிக்கை நம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா? இல்லை. ஆனால் ஏஜண்டின் வாட்ஸப் செய்தி மட்டும் அன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

சீமைக்குப் போகிறோம், அங்கே சட்டம் உண்டு, பயமில்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு எத்தனை பிள்ளைகள் பணம் கட்டிப் போனார்கள்! அங்கே வேலை கொடுத்த நிறுவனத்தின் உரிமம் ரத்தானால் அல்லது வேலை போனால், வேறு நிறுவனம் தேடப் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்குப் போகிறவர்கள் மனைவி மக்களை அழைத்துச் செல்ல முடியாது என்று விதி வந்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த நாட்டுத் தேர்தல் அந்த நாட்டு விதியை மாற்றும். நாம் அடகு வைத்த நகை மட்டும் நம் கணக்கில் நிற்கும்.

அப்படியானால் நல்ல வழியே இல்லையா? இருக்கிறது. நர்ஸ் படித்த தங்கைமார் கவனமாகக் கேளுங்கள். 2021 டிசம்பரில் நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மனியின் அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு 'டிரிப்பிள் வின்' என்ற ஒப்பந்தம் செய்தது. ஆளெடுக்கக் கட்டணம் இல்லை. ஜெர்மன் மொழியை பி1 நிலை வரை இங்கேயே இலவசமாகக் கற்றுத்தந்து அனுப்புகிறார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், பொறுமை வேண்டும். அங்கே போனதும் சம்பளத்தில் வரியும் காப்பீடும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் பிடித்துவிடுவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஆனால் ஆதாரத்தை அடகு வைக்காமல் போகலாம். பிடிக்காவிட்டால், தலை நிமிர்ந்து திரும்பி வரலாம். அவசர விசாவுக்கும் இந்த விசாவுக்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இங்கிருந்து சிறிது தூரத்தில் காரக்கோணம். அங்கே இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு யார் பெயர் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? டாக்டர் சாமர்வெல். 1890-இல் இங்கிலாந்தில் கெண்டலில் பிறந்தவர். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை அறுத்துத் தைத்து உயிர்கொடுத்த அறுவை மருத்துவர். 1922-இல் எவரெஸ்ட் மலையேற வந்தார். பனிச்சரிவில் சுமைதூக்கிகள் ஏழு பேர் இறந்த அந்தப் பயணம் முடிந்ததும் ஊர் திரும்பாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அப்படி வந்து சேர்ந்த இடம் நம் திருவிதாங்கூரின் நெய்யூர். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வரிசை வரிசையாகக் காத்திருக்கிறார்கள், கத்தி பிடிக்க ஆள் போதவில்லை. பார்த்தார். லண்டனில் அவருக்குப் பெரிய எதிர்காலம் காத்திருந்தது. திரும்பிப் போய் அதை உதறிவிட்டு, நெய்யூருக்கே வேலைக்கு வந்தார். இடையில் 1924-இல் மறுபடியும் எவரெஸ்ட் ஏறி 28,000 அடி உயரம் வரை போய் வந்தார். இருபது ஆண்டுக்கு மேல் இந்த மண்ணின் ஏழைகளுக்கு அறுவை செய்தார். பிறகு வேலூரில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார்.

அவரும் வேலைக்காகக் கடல் கடந்தவர்தானே? அவர் எப்படி எடை போட்டார் என்று பாருங்கள். முதலில் இடத்தை நேரில் பார்த்தார். என்ன வேலை, யாருக்காக வேலை என்பதைக் கண்ணால் கண்டார். ஊருக்குப் போய் முடிவெடுத்தார். போவதற்கும் போகாமலிருப்பதற்கும் சம உரிமை அவர் கையில் இருந்தது. அவருக்குச் சொத்தும் பின்னணியும் இருந்தன, நமக்கு இல்லை என்பீர்கள். உண்மை. அதனால்தான் சொல்கிறேன், ஏழைக்கு அந்த உரிமையை வாங்கித் தருவதுதான் அரசின் வேலை, ஊரின் வேலை. பணக்காரன் யோசித்துப் போகலாம், ஏழை யோசிக்காமல் போக வேண்டும் என்று யார் விதித்தது?

வீட்டில் இருப்பவர்களை மறந்துவிடக் கூடாது. தாய்மார்களே, முடிவெடுக்கும் நாளில் உங்களைக் கேட்கிறார்களா? கணவன் போன பிறகு ரப்பரையும் மாட்டையும் வங்கியையும் மாமியாரின் மருந்தையும் பிள்ளையின் காய்ச்சலையும் ஒற்றை ஆளாகப் பார்க்கப் போவது நீங்கள். பணம் யார் கணக்குக்கு வரும், கடன் தவணை யார் கட்டுவது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை விமானம் ஏறும் முன் உங்களோடு உட்கார்ந்து பேசாதவர், பாதி முடிவைத்தான் எடுத்திருக்கிறார்.

திரும்பி வருவதைத் தோல்வி என்று நினைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். 1990-இல் குவைத்தில் போர் வந்தபோது ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் விமானத்தில் திரும்பினார்கள். கையில் ஒரு பையோடு வந்து இறங்கினார்கள். 2020-இல் கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கிய 687 பேரை ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. பெரும்பாலோர் மீன்பிடி வேலைக்குப் போனவர்கள். காரணம் போராக இருக்கலாம், நோயாக இருக்கலாம், ஏமாற்றுக்கார முதலாளியாக இருக்கலாம். எப்போது வந்தாய், எப்போது போவாய் என்று கேட்டே திரும்பியவனைக் கொல்கிறோம் நாம். இரண்டாண்டு வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர்கள் ஊரில் தொழில் தொடங்க நோர்க்காவில் 30 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு 15 சதவீத மானியத்தோடு கடன் ஏற்பாடு இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுங்கள். ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கடைசியாக, இந்த ஊரிடம் ஒரு விண்ணப்பம். இனிமேல் எந்த வீட்டுக்கு விசா வந்தாலும், ஆதாரம் வங்கிக்குப் போகும் முன் அந்த வேலைக் கடிதம் பத்துப் பேர் கண்ணில் படட்டும். வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் இந்த அவையிலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடிதத்தை வாங்கி வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள். ஏஜண்டின் உரிம எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க விடாதீர்கள். சப் ஏஜண்ட் என்ற ஒருவரைச் சட்டம் அறியாது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். இசிஆர் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு உள்ள பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், 10 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு. அதை எடுக்காமல் அவர்களில் ஒருவரையும் அனுப்பாதீர்கள்.

புறப்படப் போகும் பிள்ளைகளே, திருவனந்தபுரம் தைக்காட்டில் இருக்கும் நோர்க்கா மையம் இங்கிருந்து ஒரு பஸ் பயணம். போக முடியாதவர்கள் போனில் கேளுங்கள். கட்டணமில்லாத எண் 1800 425 3939. பணம் கட்டுவதற்கு முந்தின நாள் கூப்பிடுங்கள், கட்டிய மறுநாள் அல்ல.